கையைக் கடிக்காமல் புதிதாகவோ மறுபடியோ பறக்க: டர்பன், ஜொஹானஸ்பர்க் தமிழர்களுக்கு

விமானப் பயிற்சியில் பணம் கரைவது மணிநேரக் கட்டணத்தால் மட்டுமில்லை, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2,000 ரேண்ட் என்று வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறை பறப்பவர் 60 மணியில் முடித்தால் 1,20,000 ரேண்ட். மணிக்கு 1,800 கேட்கும் பள்ளியில் மாதம் இரண்டே முறை பறப்பவருக்கு 75 மணி பிடித்தால் 1,35,000. இங்கே போட்ட ரேண்ட் வெறும் உதாரணம். இன்றைய விலையை நீங்கள்தான் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த விலையைப் போட்டாலும் கதை இதுதான். இரண்டு பாடங்களுக்கு நடுவே மூன்று வாரம் போனால், அடுத்த பாடத்தின் முதல் அரை மணி பழசை ஞாபகப்படுத்தவே போய்விடும். அந்த அரை மணிக்கும் மீட்டர் ஓடும்.

அதனால் இடைவெளி விழாமல் தொடர்ந்து பறக்கக் கையில் பணம் சேரும்வரை ஆரம்பிக்காதீர்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கசக்கும். ஆனால் பாதியில் நின்றுபோனவர்களில் பலர் பணம் வந்தபோது பறந்து, தீர்ந்தபோது நிறுத்தியவர்கள்.

முதலில் டாக்டர்

எந்தப் பள்ளிக்கும் ஒரு ரேண்டும் கட்டுவதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். வீட்டு டாக்டரிடம் வாங்கினால் செல்லாது. தென்னாப்பிரிக்க சிவில் விமான ஆணையம், அதாவது எல்லோரும் சொல்லும் சி.ஏ.ஏ., அங்கீகரித்த விமான மருத்துவரிடம்தான் போக வேண்டும். தனியார் விமானி உரிமமான பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்புச் சான்று வேண்டும். தேசிய விமானி உரிமமான என்.பி.எல்.லுக்கு நான்காம் வகுப்பு போதும். வயது ஏற ஏறச் சான்றின் ஆயுள் குறையும்.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் சர்க்கரையிலும் ரத்தக் கொதிப்பிலும்தான். இரண்டும் இருந்தாலே கதவு மூடிவிடும் என்பதில்லை. ஆனால் மறைக்கக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு, பழைய ஈ.சி.ஜி., டாக்டரின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம். இன்சுலின் போடுபவர் எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் விமான மருத்துவரிடம் நேரில் பேசிவிடுவது நல்லது. கண்ணாடி போடுபவர் இன்னொரு கண்ணாடியையும் விமானத்தில் வைத்திருக்க வேண்டும். நிறக்குருடு இருக்கிறதா என்பதும் இந்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

எந்த உரிமம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கடலோரமாகப் பறந்து திரும்ப வேண்டும், துணைக்கு ஒருவர் இருந்தால் போதும் என்பவருக்கு என்.பி.எல். போதும். இலகு விளையாட்டு விமானப் பிரிவில் குறைந்தபட்சம் 35 மணி. விமானத்தின் எடை வரம்பு 600 கிலோ. பகலில் மட்டும், தரை கண்ணுக்குத் தெரியும் வானிலையில் மட்டும் பறக்கலாம். இந்த விமானங்களில் பல ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ஓடுபவை. கார் பெட்ரோல் 95 ஊற்றினாலே போதும், மணிக்கு 18 முதல் 20 லிட்டர்தான் குடிக்கும். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 மணிக்கு 35 லிட்டர் அளவுக்கு ஆவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் குடிக்கும், ஆவ்கேஸ் விலையும் அதிகம். ஜொஹானஸ்பர்க்கின் தெற்கே டெடர்ஃபீல்டில் செய்யப்படும் ஸ்லிங் 2 இந்த ரோட்டாக்ஸ் வகைதான். உள்நாட்டுத் தயாரிப்பு என்பதால் விமான உடலின் உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

பி.பி.எல்.லுக்குக் குறைந்தபட்சம் 45 மணி. அதில் 25 மணி பயிற்றுநரோடு, 15 மணி தனியாக. தனியாகப் பறக்கும் மணிகளில் ஒரு நீண்ட பயணமும் உண்டு: 150 கடல் மைல், வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் முழுதாக நிற்கும் தரையிறக்கம். 45 மணியில் முடிப்பவர் அபூர்வம். 55, 60 என்று கணக்குப் போடுங்கள். எழுத்துத் தேர்வு எட்டுப் பாடங்களில். தேர்ச்சிக்கு 75 சதவீதம். குடும்பமாக நான்கு பேர் போக வேண்டும், இரவில் பறக்கும் தகுதியும் பிறகு சேர்க்க வேண்டும் என்றால் இதுதான் வழி. மகனோ மகளோ இதைத் தொழிலாக்கப் போகிறார் என்றாலும் நேரே பி.பி.எல்.லிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். என்.பி.எல். மணிகளில் எத்தனை பின்னால் பி.பி.எல்.லுக்கு ஏற்றுக்கொள்ளப்படும் என்று பள்ளி வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

இரண்டையும்விட மலிவான மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: கிளைடர் சங்கம். எஞ்சின் கிடையாது. பயிற்றுநர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத சங்க உறுப்பினர்கள்தான். மேலே இழுத்துவிடுவதற்கும் விமான வாடகைக்கும் மட்டும் கட்டணம். அதற்குப் பதிலாக முழு நாளையும் கொடுக்க வேண்டும்: கயிறு பிடிப்பது, விமானத்தைத் தள்ளுவது, இறங்கியதைப் போய் இழுத்து வருவது. ஜொஹானஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு மகாலீஸ்பெர்க் கிளைடிங் சங்கம் ஓரியன்ட் மைதானத்தில் இருக்கிறது. மூக்கை நேராக வைக்கும் கால் மிதியில் பலர் செய்யும் சோம்பேறித்தனம் கிளைடரில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் போய்விடும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்த மீட்டரின் மணி என்று கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஓடும். டாக்கோ மீட்டர் எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப ஓடும். தரையில் மெதுவாக ஓடும்போது அதுவும் மெதுவாகத்தான் நகரும். வரிசையில் நின்று கிளம்ப வேண்டிய நெரிசலான விமான நிலையத்தில் ஹாப்ஸ் கணக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் 0.2, 0.3 மணியைக் கூட்டிவிடும். பெட்ரோலும் சேர்த்த கட்டணமா, பெட்ரோல் விலை ஏறினால் கூடுதல் உண்டா, தரையிறங்கும் கட்டணம் யாருடையது, பாடத்துக்கு முன்னும் பின்னும் பேசும் நேரத்துக்குத் தனிக் கட்டணமா, இறுதித் தேர்வு எடுப்பவருக்கு எவ்வளவு என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பள்ளியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விமானம் சேதமானால் முதல் எத்தனை ரேண்ட் உங்கள் தலையில் விழும்? மாணவர் தனியாக இருக்கும்போது அது கூடுமா? மூக்குச் சக்கரம் மடிந்து ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால், எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். அந்த பில் வரும்போது கேட்பதைவிட இப்போதே கேட்பது மேல்.

நீங்கள் பயிலப்போகும் வகை விமானம் பள்ளியிடம் எத்தனை இருக்கிறது என்பதும் முக்கியம். ஒன்றே ஒன்று இருந்து, அது 100 மணிக் கட்டாயப் பரிசோதனைக்குப் போய்விட்டால் நீங்கள் வீட்டில்தான். பயிற்றுநர் யார், அவர் அங்கே எத்தனை நாள் இருப்பார் என்றும் கேளுங்கள். இளம் பயிற்றுநர்கள் பலர் மணி சேர்த்துக்கொண்டு விமானக் கம்பெனிக்குப் போகக் காத்திருப்பவர்கள். அதில் தப்பில்லை. ஆனால் நடுவில் ஆள் மாறினால் புதியவர் உங்களைச் சோதித்துப் பார்க்க இரண்டு பாடம் போய்விடும்.

முழுப் பயிற்சிக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். பள்ளி மூடினால் அந்தப் பணம் திரும்பி வராது. ஐந்து மணிக்கான தொகையை முன்பணமாக வைத்து, தீரத் தீரப் போடுவதே சரி. அப்படி வாங்கவே மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எடைக் கணக்கையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். 600 கிலோ வரம்புள்ள விமானம் காலியாக 375 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 90, பயிற்றுநர் 90. மிச்சம் 45 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, ஆகவே 62 லிட்டர் ஊற்றலாம். மணிக்கு 20 லிட்டர் என்றால் மூன்று மணி. பகலில் கட்டாயமாகக் கையிருப்பில் வைக்க வேண்டிய அரை மணியைக் கழித்தால் இரண்டரை. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் 110 கிலோ, அவர் 100 என்றால் மிச்சம் 15 கிலோ, சுமார் 20 லிட்டர். ஒரு மணிப் பாடமே இழுபறி. அப்படிப்பட்டவர் 757 கிலோ வரம்புள்ள செஸ்னா 152ஐயோ 172ஐயோ பார்ப்பது நல்லது.

பல வருடம் கழித்துத் திரும்புபவர்களுக்கு

பறந்த மணிகளைக் குறித்துவைத்த பழைய லாக்புக், உரிம அட்டை, கடைசி மருத்துவச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு பள்ளியின் தலைமைப் பயிற்றுநரைப் பாருங்கள். தகுதி காலாவதியான தேதியிலிருந்து எத்தனை காலம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் உங்களுக்கு என்ன தேவை என்று அவர் சொல்வார். கொஞ்ச நாள்தான் என்றால் கொஞ்சம் பயிற்சியும் திறன் தேர்வும். பல வருடம் போயிருந்தால் எழுத்துத் தேர்வும் சேரலாம். லாக்புக் தொலைந்துவிட்டது என்றால் பழைய பள்ளியின் பதிவுகளையும் சி.ஏ.ஏ. கோப்பையும் வைத்துச் சரிசெய்யப் பாருங்கள். அதற்கு நாளாகும், அதனால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

கைக்கு மறதி குறைவு. நேராக, மட்டமாகப் பறப்பதும் திருப்புவதும் இருபது நிமிடத்தில் வந்துவிடும். வராதவை மூன்று: ரேடியோ, சரிபார்ப்புப் பட்டியலின் வரிசை, தரையைத் தொடுவதற்கு முன் மூக்கைத் தூக்கும் அந்த இரண்டு விநாடி. முதல் இரண்டையும் வீட்டு நாற்காலியில் காசில்லாமல் பழகலாம். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கருவியையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சிமுலேட்டரும் இதற்கு உதவும். தரையிறக்கத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். திரையில் உயரத்தின் உணர்வு வராது.

திரும்பும் பாடங்களை இந்த வரிசையில் கேளுங்கள்:

1. தரையில் இரண்டு மணி: விமானக் கையேட்டின் வேக எண்கள், வான்பரப்பு வரைபடம், புதிய விதிகள். செஸ்னா 152 என்றால் எஞ்சின் நின்றபின் வழுக்கிப் பறக்கும் வேகம் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்), வேகமாக உயரும் வேகம் 67 நாட். தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.
2. தரையிலிருந்து 3,000 அடிக்குக் குறையாமல் மெதுவாகப் பறத்தல், ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது), செங்குத்தான திருப்பம்.
3. எஞ்சின் நின்றதுபோல் இறங்கும் பயிற்சி, குறைந்தது நான்கு தடவை.
4. சர்க்யூட், அதாவது ஓடுபாதையைச் சுற்றி வந்து திரும்பத் திரும்ப இறங்குவது. ஒரு மணியில் எட்டு முதல் பத்துத் தரையிறக்கம் கிடைக்கும். இறக்கையின் பின்னால் மடிந்து இறங்கும் ஃபிளாப் இல்லாமலும், பாதியில் விட்டு மேலே ஏறுவதும் இதில் கட்டாயம் இருக்க வேண்டும்.
5. பக்கக் காற்று.
6. வேறொரு விமான நிலையத்துக்குப் போய்த் திரும்புதல்.

மூன்றாவதில் எல்லோரும் செய்யும் தவறு, முதலிலேயே ரேடியோவைத் தொடுவது. முதலில் வேகம், அடுத்து வயல், பிறகுதான் மற்றது.

2010 மே 1க்கு முன் டர்பனில் பறந்துவிட்டு நிறுத்தியவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரிய விமான நிலையம் தெற்கிலிருந்து வடக்கே, கிங் ஷாகாவுக்குப் போனது அந்த நாளில்தான். பழைய வரைபடம் மனதில் இருந்தால், டர்பனின் சிறு விமான நிலையமான வர்ஜீனியாவிலிருந்து கிளம்பி உம்ஹ்லாங்கா, டோங்காட் பக்கம் சாவகாசமாகத் திரும்புபவர் பெரிய ஜெட்களின் வான்பரப்பில் போய் நிற்பார். அவசர சிக்னல் பெட்டியும் மாறிவிட்டது. 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள் கேட்பது 2009 பிப்ரவரியில் நின்றுபோனது, இப்போது 406. கராஜில் தூங்கும் பழைய விமானத்தை நண்பரோடு சேர்ந்து வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியவற்றில் இந்தப் பெட்டியும் ஒன்று.

கடல்மட்டமும் மேட்டு நிலமும்

வர்ஜீனியா ஓடுபாதை கடற்கரையை ஒட்டிக் கிட்டத்தட்ட வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது, எண் 05/23. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. டர்பனில் அடிக்கும் காற்றும் அதே இரண்டு திசைதான். அதனால் அங்கே மட்டுமே படித்தவருக்குப் பக்கக் காற்றில் பழக்கம் குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரிபி விமான நிலையத்துக்குப் போய் அதைத் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். தேர்வு நாளில் முதன்முதலாகச் சந்திக்க வேண்டாம்.

டர்பன் ஈரப்பதத்தில் இன்னொன்றும் நடக்கும்: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனிக்கட்டி. வெளியே 22 டிகிரி வெயிலில் பனியா என்று சிரிக்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் பாயும்போதும் உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் விழலாம். எஞ்சினைக் குறைத்து இறங்கும்போதுதான் அதிகம் பிடிக்கும். அறிகுறி: எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் சுற்று வேகம், மெல்ல இறங்கும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை முழுதாக இழுத்தால் ஆர்.பி.எம். இன்னும் கொஞ்சம் விழும், எஞ்சின் இருமும், நடுங்கும். உருகிய நீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். புதியவர் பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார், அதுதான் தப்பு. அப்படியே பிடித்திருந்தால் சில விநாடியில் சுத்தமாகி ஆர்.பி.எம். ஏறும்.

லெனேசியா, லாடியம் பக்கத்து ஆட்களுக்குப் பிரச்சினை வேறு. ராண்ட் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,483 அடி. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் சுமார் 4 டிகிரி. கோடை மதியம் 30 என்றால் 26 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று மெலியும் என்பதால் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ளுங்கள்: 3,120. விமானத்தைப் பொறுத்தவரை அது 8,600 அடியில் இருக்கிறது. கடல்மட்டத்தில் பிடிக்கும் ஓடுபாதை நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் பிடிக்கும். ஏறும் வேகமோ பரிதாபமாக இருக்கும். பெட்ரோல் கலவையைக் குறைக்காமல் முழுதாகத் திறந்துவிட்டுக் கிளம்பினால் இருக்கும் சக்தியிலும் ஒரு பங்கு போய்விடும். நின்ற இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்து, ஆர்.பி.எம். உச்சத்துக்கு வரும்வரை கலவைக் குமிழை இழுத்து, பிறகு ஒரு துளி உள்ளே தள்ளுங்கள்.

டர்பனில் படித்தவர் ஜொஹானஸ்பர்க்கில் பறக்கும்போது ஆபத்து தரையிறங்கும் திருப்பத்தில்தான் இருக்கிறது. கருவியில் 60 நாட். ஆனால் அந்த மெல்லிய காற்றில் உண்மை வேகம் 70. தரை வேகமாக ஓடுவதாகக் கண் சொல்லும். கை தானாக மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும். அதே நேரம் திருப்பமும் அகலமாகிப் பாதையைத் தாண்டிப் போகும். அதைச் சரிக்கட்டக் காலால் உதைத்து இழுத்தால் ஸ்டால், சுழற்சி, 500 அடி உயரத்தில். திருத்த இடமே இருக்காது. கண்ணை நம்பாமல் கருவியை நம்புங்கள். பாதையைத் தாண்டிவிட்டால் மேலே ஏறி மறுபடி வாருங்கள்.

நேரம் குறிக்கும்போதும் ஊரைப் பாருங்கள். கௌட்டெங் கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை. காலை ஏழு மணி பாடத்தையே கேளுங்கள். டர்பனில் தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பும். குளிர்காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து வறண்ட சூடான காற்று அடிக்கிறது என்றால், பின்னாலேயே அந்தத் திருப்பம் வரப்போகிறது என்று பொருள். கரும்பு எரிக்கும் மாதங்களில் வடகடற்கரையில் புகை பார்வையைக் குறைக்கும். ஐந்து கிலோமீட்டர் தெரியவில்லை என்றால் போகக் கூடாது.

புரட்டாசிச் சனிக்கிழமையும் பலருடைய பாட நாளாக இருக்கிறது. வெறும் வயிற்றில் விரதம் இருப்பவர் அந்த மாதம் முழுதும் பாடத்தை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களுக்கும் இதேதான். சர்க்கரை இறங்கினால் முதலில் போவது தீர்மானம் எடுக்கும் புத்தி. போனது தனக்கே தெரியாது என்பதுதான் அதில் மோசம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் இதை விமான மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். குடித்தால் எட்டு மணி நேரம் கழித்துத்தான் என்பது சட்டம். கல்யாண வீட்டு இரவுக்கு அடுத்த நாள் முழுதும் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

வீட்டு ஆட்களை ஏற்றுவது

உரிமம் கைக்கு வந்த அன்றைக்கே அம்மாவையும் அத்தையையும் ஏற்றச் சொல்லி வீட்டில் நெருக்குவார்கள். சட்டப்படி, கடந்த 90 நாளில் மூன்று முறை கிளம்பி, மூன்று முறை இறங்கியிருந்தால் பயணிகளை ஏற்றலாம். அதற்காக அவர்களிடம் காசு வாங்கக் கூடாது. முதல் சில தடவை இன்னொரு விமானியையே பக்கத்தில் உட்காரவைத்துப் பறந்துவிட்டு, பிறகு வீட்டாரை ஒவ்வொருவராக ஏற்றுங்கள். காலை நேரம், அரை மணிக்கு மேல் வேண்டாம், வாந்தி பை கைக்கெட்டும் இடத்தில். சேலை முந்தானையும் துப்பட்டாவும் கால் மிதியிலும் கதவிலும் மாட்டும். இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் பேசக் கூடாது என்பதைக் கதவை மூடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எடையை மட்டும் கேட்டு எழுதாதீர்கள், தராசில் நிற்க வையுங்கள். யாரும் உண்மையான எடையைச் சொல்வதில்லை.